ஓசூர் வட்டாரத்தில் உணவு, வாழ்முறை மாற்றங்களும் சிறார் உடற்பருமனும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் வட்டாரம், தமிழ்நாட்டின் வடமேற்கு மூலையில் கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த மேட்டுநிலப் பகுதியாகும். தென்பெண்ணை ஆறு தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் தேங்கி நிற்கும் கெலவரப்பள்ளி அணை ஓசூர் நகரத்துக்கு அருகில் உள்ளது. இராசாசி பிறந்த தொரப்பள்ளியும் இதே ஆற்றோரத்து ஊர்தான். அரை நூற்றாண்டுக்கு முன்பு வரை ராகியும் அவரையும் விளையும் வானம் பார்த்த பூமியாக இருந்த இப்பகுதி, இன்று இந்தியாவின் முதன்மையான தொழில் வட்டாரங்களுள் ஒன்று. ஒரு வேளாண் சமூகம் இரண்டு தலைமுறைக்குள் ஆலைச் சமூகமாக மாறும்போது அதன் குழந்தைகளின் தட்டிலும் உடலிலும் என்ன நிகழ்கிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சிறார் உடற்பருமன் பற்றிய பேச்சு பெரும்பாலும் குழந்தையின் வாயையும் தாயின் கையையும் குறை சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ஓசூர் வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் வேறு சில காரணங்கள் முன்னுக்கு வருகின்றன: தானியம் எங்கிருந்து வருகிறது, சமைக்க யாருக்கு நேரம் இருக்கிறது, பிள்ளை எந்த வழியாகப் பள்ளிக்குப் போகிறது என்பவை அவை.

ராகி நிலம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. செம்மண், மிதமான மழை, குளிர்ந்த காற்று ஆகியவை நெல்லைவிட ராகிக்கே பொருந்தின. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் கேழ்வரகு என்று வழங்கும் இத்தானியம், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் இப்பகுதியில் ராகி என்றே அழைக்கப்படுகிறது. 1800-01ஆம் ஆண்டுகளில் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிசு புக்கானன், புன்செய்ப் பயிர்களில் ராகிக்கு இருந்த முதன்மையை விரிவாகப் பதிவு செய்துள்ளார். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் ஓசூர் ஆங்கிலேயர் வசமாகிச் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆட்சி எல்லை மாறினாலும் சமையலறை மைசூர்ப் பீடபூமியோடுதான் இருந்தது.

ராகி தனியாக விளையவில்லை. வரிசைக்கு இடையே அவரை, துவரை, கடுகு, ஆமணக்கு என்று ஊடுபயிர்கள் இருந்தன. வயலில் சேர்ந்து விளைந்தவை தட்டிலும் சேர்ந்தே வந்தன. கன்னடத்தில் முத்தே என்றும் தமிழில் களி என்றும் சொல்லப்படும் ராகி உருண்டைக்கு அவரைக்கொட்டைக் குழம்போ, கொள்ளு ரசமோ, கீரை மசியலோ தொடுகறியானது. காலையில் ராகிக் கூழ். ஆட்டுக்கறி பண்டிகை நாட்களில் மட்டும். இனிப்பு என்றால் வெல்லம், அதுவும் அளவோடு.

ராகியைப் பற்றி இன்று சொல்லப்படும் பெருமைகளில் ஒரு பகுதி மிகை. 100 கிராம் ராகியில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உள்ளது. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. நார்ச்சத்தும் ராகியில் கூடுதல். ஆனால் ஆற்றல் அளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. ஏறக்குறைய ஒரே கலோரிதான். ராகி உண்டதால் மட்டும் அக்காலத்துப் பிள்ளைகள் ஒல்லியாக இருக்கவில்லை. உண்டதைவிட உழைத்தது அதிகம் என்பதே முதன்மைக் காரணம். மாடு மேய்த்தல், கிணற்றிலிருந்து தண்ணீர் சுமத்தல், விறகு பொறுக்குதல், களை எடுத்தல் ஆகியவற்றில் பத்து வயதுப் பிள்ளைக்கும் பங்கு இருந்தது. பள்ளிக்குப் போன சிலரும் நடந்தே போனார்கள்.

அந்த ஒல்லி உடலை உடல்நலத்தின் அடையாளமாக எண்ணிவிடவும் முடியாது. 1876-78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. 1871 கணக்கெடுப்பில் இருந்த மக்கள்தொகை 1881 கணக்கெடுப்பில் குறைந்திருந்தது. ராகியைப் பூச்சி எளிதில் அண்டாது என்பதால் நிலத்தடிக் குழிகளில் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் வழக்கம் மைசூர், சேலம் பகுதிகளில் இருந்தது. அந்தக் குழிகளும் வற்றிய காலம் அது. பசியின் நினைவு பல தலைமுறை நீடித்தது. 'கொழுகொழு குழந்தை' என்பது தமிழில் பாராட்டுச் சொல்லாக இருப்பதற்கும், பிற்காலத்தில் பால்மாவு விளம்பரங்களின் பருத்த குழந்தை ஒவ்வொரு வீட்டின் கனவானதற்கும் இந்த நினைவு ஒரு காரணம்.

அரிசி வந்த வழி

தமிழ்நாட்டில் அரிசி என்பது உணவோடு மதிப்பையும் சேர்த்துக் குறித்தது. புன்செய் நிலத்துக் குடும்பங்களில் நெல்லுச்சோறு விருந்துக்கு உரியதாக இருந்தது. களி ஏழையின் உணவு என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது. எனவே அரிசி மலிந்தபோது மக்கள் ராகியைக் கைவிட்டதை அறியாமை என்று சொல்வது சரியாகாது. நெடுங்காலம் மறுக்கப்பட்ட ஒன்று கைக்கு எட்டியபோது எடுத்துக்கொண்டார்கள்.

அரிசியைக் கைக்கு எட்டச் செய்ததில் பொது வினியோகத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. 1997இல் இந்திய அரசு வறுமைக்கோட்டின் அடிப்படையில் குடும்பங்களைப் பிரித்தபோதும், தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவான முறையையே தொடர்ந்தது. 2006இல் ஒரு கிலோ அரிசி 2 ரூபாய்க்கும், 2008 செப்டம்பர் முதல் 1 ரூபாய்க்கும் வழங்கப்பட்டது. 2011 சூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைத்தது. 2007 முதல் துவரம் பருப்போடு பாமாயிலும் நியாய விலைக் கடையில் மானிய விலைக்கு வந்தது. சோறும் பருப்பும் உறுதியானதால் பட்டினி பெருமளவு விலகியது. அதே கடையிலிருந்து வந்த மலிவான எண்ணெய், முன்பு தீபாவளிக்கு மட்டும் அடுப்பேறிய வாணலியை அன்றாடம் ஏற்ற உதவியது.

பள்ளிகளிலும் இதே வரலாறுதான். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் மதிய உணவு கொடுத்தது. 1950களின் நடுவில் காமராசர் அதை மாநிலத் திட்டமாக்கினார். 1982 சூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பிறகு முட்டையும் சேர்ந்து, 2010இல் பள்ளி நாட்கள் ஐந்திலும் முட்டை என்றானது. இத்திட்டங்கள் பல தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தின. அவற்றின் மையத் தானியம் தொடக்கம் முதல் அரிசியே. ராகி விளையும் ஊரின் பள்ளியிலும் தட்டில் சாம்பார் சாதம் இருந்தது.

இதற்கிடையே நிலமும் மாறிக்கொண்டிருந்தது. 1957இல் கிருஷ்ணகிரி அணை திறக்கப்பட்டது; பிற்காலத்தில் கெலவரப்பள்ளி அணை வந்தது. ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. பெங்களூர்ச் சந்தை 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்ததால் தக்காளி, முட்டைக்கோசு, ரோசா ஆகியவை ராகியைவிட வருமானம் தந்தன. விளைவித்ததை உண்ணும் முறை போய், விளைவித்ததை விற்று வாங்கி உண்ணும் முறை வந்தது. பசுமைக்குடில் ரோசா விளையும் தோட்டத்தில் அவரைக்கு இடமில்லை. ஊடுபயிர் போனபோது தொடுகறியும் மெலிந்தது. களிக்குப் பதில் சோறு என்ற மாற்றத்தைவிட, பருப்பும் கீரையும் குறைந்து சோறு கூடிய மாற்றமே சத்து அளவில் பெரிய இழப்பாகும்.

ஆலைச் சங்கும் அடுப்பும்

1971இல் தமிழ்நாடு தொழில் முன்னேற்ற நிறுவனமான சிப்காட் உருவாக்கப்பட்டது. பின்தங்கிய பகுதியாகக் கருதப்பட்ட ஓசூரில் 1970களில் அதன் தொழிற்பேட்டை அமைந்தது. 1980இல் அசோக் லேலண்டு ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஓசூரில் செய்யப்பட்ட டி.வி.எஸ். 50 மொபெட் சந்தைக்கு வந்தது. 1980களின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகார ஆலை இயங்கத் தொடங்கியது. தென்னிந்தியச் சிற்றூர்களில் நடையையும் மிதிவண்டியையும் ஓரங்கட்டியதில் பெரும் பங்கு கொண்ட வண்டி ஓசூரிலேயே பிறந்தது என்பதை இவ்வட்டாரத்தின் வாழ்முறை வரலாற்றில் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

ஆலை வேலை கொண்டுவந்த முதல் மாற்றம் பணம். இரண்டாவது மாற்றம் நேரம் பற்றியது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. முறை வேலையில் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு என்று பணிநேரம் சுழல்கிறது. தந்தை இரவுப் பணி முடிந்து தூங்கும்போது பிள்ளை பள்ளிக்குக் கிளம்புகிறது. தாயும் வேலைக்குப் போகும் வீட்டில், இருவரும் ஒரே வேளையில் அடுப்படியில் இருக்கும் நாட்கள் குறைவு. களி இந்த வாழ்க்கைக்கு ஒத்துவராத உணவு. உலையில் மாவைக் கொட்டித் துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். சூடு ஆறுவதற்குள் உண்ண வேண்டும். காலையில் வடித்த சோறு மதியப் பெட்டியில் அடங்கும், களி அடங்காது. அரிசி வென்றதற்கு இந்த எளிய காரணமும் உண்டு. பின்னர் அரைத்த இட்லி மாவு பாக்கெட்டிலும், பாதி வெந்த பரோட்டா உறையிலும் வந்தன.

கடைவீதியின் உணவு வரலாறு தனியே எழுதத் தக்கது. ஹாசன் பகுதியிலிருந்து பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர்கள் வளர்த்த ஐயங்கார் பேக்கரி மரபு, நெடுஞ்சாலை வழியாக ஓசூருக்கும் வந்தது. காரப் பன், தேங்காய் பன், பப்ஸ் ஆகியவை மாலைச் சிற்றுண்டியாயின. 1983இல் இந்தியாவில் அறிமுகமான மேகி நூடுல்ஸ் இரண்டு நிமிடச் சமையலை வாக்களித்தது. 1993இல் கோக்கோ கோலா இந்தியாவுக்குத் திரும்பியது. சன் தொலைக்காட்சி தொடங்கியதும் அதே ஆண்டுதான். நொறுக்குத் தீனி வீட்டுக்குள் நுழைந்த வேகத்துக்கு வீட்டுக்குள் ஓடிய விளம்பரமும் துணைநின்றது. ஆனால் இவை எல்லாவற்றையும்விட ஏழைக் குடும்பங்களை எட்டியது 5 ரூபாய்ப் பொட்டலம்தான். பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்கும் அந்தப் பொட்டலங்களை வாங்க ஒரு பிள்ளையின் கைச்செலவுப் பணம் போதும்.

2023இல் வெளியான உலக சுகாதார அமைப்பின் இந்தியா குறித்த அறிக்கை ஒன்று, 2011 முதல் 2021 வரை மிகைப் பதப்படுத்திய உணவுகளின் விற்பனை மதிப்பு ஆண்டுக்குச் சராசரியாக 13 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்கிட்டது. 200 மில்லிலிட்டர் கோலாவில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. கூழ் குடித்த வாய்க்கு அது நான்கு தேக்கரண்டிக்கு மேல்.

நடக்க இடமில்லாத ஊர்

முன்பு தேசிய நெடுஞ்சாலை 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்ட சாலை ஓசூரின் ஊடாகச் செல்கிறது. சரக்குந்துகளும் ஆலைப் பேருந்துகளும் இரவுபகலாக ஓடும் இச்சாலையைக் கடந்து தனியாகப் பள்ளிக்குப் போக எந்தப் பெற்றோரும் பிள்ளையை விடமாட்டார்கள். 2005-06 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி கிடைத்தது. சிற்றூர்களில் அது பெரிய விடுதலையாக இருந்தது. நகரத்தில் தனியார் பள்ளியின் வேன் வீட்டு வாசலுக்கே வந்தது.

2019இல் ஓசூர் மாநகராட்சியானது. ஏரிக்கரையும் புறம்போக்கும் களத்துமேடும் வீட்டுமனைகளாயின. பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். அங்கே பிள்ளைக்கு முற்றம் கிடையாது. குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்விச் சட்டம் 2009இன் அட்டவணை ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. திடல் இருக்கும் பள்ளியிலும் பத்தாம் வகுப்பு நெருங்கினால் விளையாட்டு வேளை கணக்குப் பாடத்துக்குப் போய்விடும் என்பது தமிழ்நாட்டில் படித்த எவருக்கும் தெரிந்த நடைமுறை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. வேன், வகுப்பு, தனிப்பயிற்சி, கைப்பேசி என்று ஓடும் நாளில் அந்த ஒரு மணி நேரத்துக்கு இடமில்லை.

கெலவரப்பள்ளி அணைக்கட்டு இப்பகுதிக் குடும்பங்கள் பொழுதுபோக்கத் தேடிப்போகக்கூடிய வெட்டவெளிகளுள் ஒன்று. நந்தி மலைப் பகுதியில் தோன்றும் ஆறு, பெங்களூரின் கிழக்குப் புறநகரைக் கடந்து வருகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் அதில் சேர்கிறது. மழைக்காலத்தில் அணையிலிருந்து வெளியேறும் நீரில் வெண்ணுரை மலைபோல் பொங்கி நிற்பது பலமுறை செய்தியாகியுள்ளது. முன் தலைமுறைப் பிள்ளைகள் நீந்திய ஆற்றில் இத்தலைமுறையை இறங்கவிட முடியாது. உடற்பயிற்சி பற்றிய அறிவுரைகளில் இப்படிப்பட்ட இழப்புகள் கணக்கில் வருவதில்லை.

பள்ளிகள் மூடிய காலம் இதை இன்னும் கூர்மையாக்கியது. 2020 மார்ச்சில் கொரோனா பரவலால் மூடப்பட்ட பள்ளிகள், தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதங்கள் பாடமும் விளையாட்டும் திரையில் நடந்தன. வீட்டுக்குள் அடைபட்ட பிள்ளைகளின் கையில் கைப்பேசியைக் கொடுத்தது பள்ளிதான். திரும்ப வாங்குவது பெற்றோரின் பொறுப்பானது.

எடைக்கருவி எதைப் பார்த்தது

தமிழ்நாட்டில் குழந்தையின் எடையை ஊர்தோறும் அளக்கும் பழக்கம் மெலிவைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் மாதந்தோறும் எடையிடப்பட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்குக் கூடுதல் உணவு கிடைத்தது. அது உலக அளவில் பேசப்பட்ட நல்ல திட்டம். வளர்ச்சி அட்டையில் கோடு மேலே ஏறினால் தாய்க்கு மகிழ்ச்சி, பணியாளருக்கு நிறைவு. கோடு மிகவும் மேலே போகும்போது என்ன செய்வது என்ற கேள்வி அன்று எழ வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அக்கேள்வியை எழுப்பிய ஆய்வுகள் சென்னைப் பள்ளிகளிலிருந்து வந்தன. நீரிழிவு மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 13 முதல் 18 வயது வரையிலான 4,700 மாணவர்களை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டனர். சிறுவர்களில் 17.8 விழுக்காட்டினரும் சிறுமியரில் 15.8 விழுக்காட்டினரும் அதிக எடை கொண்டிருந்தனர். உடலுழைப்புக் குறைந்தவர்களிடமும் வசதியான குடும்பத்தினரிடமும் இது கூடுதலாக இருந்தது. 2014இல் வெளியான, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஆரஞ்சு' ஆய்வு 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையிலான 18,955 பேரை அளந்தது. பன்னாட்டு வரையறைப்படி தனியார் பள்ளிகளில் 21.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டிருந்தனர். அரசுப் பள்ளிகளில் அது 3.6 விழுக்காடு.

ஒரே நகரத்தில் இருந்த இந்த ஆறு மடங்கு வேறுபாடு ஓசூருக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறது. ஆலையின் நிரந்தரத் தொழிலாளி முதலில் வாங்கும் வசதிகளுள் ஒன்று பிள்ளைக்குத் தனியார் பள்ளி இடம். அந்த இடத்தோடு வேனும், சிற்றுண்டிப் பெட்டியும், மாலைத் தனிப்பயிற்சியும் சேர்ந்தே வருகின்றன. அதே ஆலையின் ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் இன்னும் சத்துக்குறைவே முதல் சிக்கலாக இருக்கலாம். இரண்டு வீடுகளுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

மாநில அளவில் தேசிய குடும்பநல ஆய்வின் எண்களும் இந்தக் கலவையையே காட்டுகின்றன. 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள், 4.3 விழுக்காட்டினர் அதிக எடை கொண்டவர்கள். இந்திய அளவில் இவ்வயதினரின் அதிக எடை 2015-16இல் இருந்த 2.1 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டில் அது 5.0இலிருந்து சற்றே குறைந்தது. ஆனால் அதே இடைவெளியில் தமிழ்நாட்டுப் பெண்களில் அதிக எடை கொண்டவர்கள் 30.9 விழுக்காட்டிலிருந்து 40.4 ஆயினர், ஆண்கள் 28.2இலிருந்து 37.0 ஆயினர். தொட்டில் பருவத்துக்கும் வேலைக்குச் செல்லும் வயதுக்கும் இடையே, அதாவது பள்ளிப் பருவத்தில், ஏதோ நடக்கிறது. அந்தப் பருவத்துப் பிள்ளைகள் குழந்தைகள் மையத்து வளர்ச்சி அட்டையிலிருந்து வெளியேறிவிட்டவர்கள்.

உலகப் படம் இன்னும் பெரியது. 2024இல் 'லான்செட்' இதழில் வெளியான கணக்கீடு, இந்தியாவில் 5 முதல் 19 வயது வரை உடற்பருமன் கொண்டோர் 1990இல் சுமார் 4 லட்சம் என்றும் 2022இல் சுமார் 1.25 கோடி என்றும் மதிப்பிட்டது. 2025இல் யுனிசெப், உலக அளவில் இவ்வயதினரில் உடற்பருமன் முதன்முறையாக எடைக்குறைவை முந்திவிட்டதாக அறிவித்தது: 9.4 விழுக்காடும் 9.2 விழுக்காடும். தெற்காசியாவும் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவும் மட்டும் விலக்கு.

எடை என்ற ஒற்றை அளவிலும் சிக்கல் உண்டு. இந்தியர்களுக்கு ஒரே உடல் நிறை குறியீட்டில் ஐரோப்பியர்களைவிடக் கொழுப்பு கூடுதலாகவும் தசை குறைவாகவும் இருக்கிறது. அதனால் 2015இல் இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம், பெரியவர்களின் 23, 27 என்ற தாழ்ந்த குறியீட்டு எல்லைகளுக்கு இணையான வளர்ச்சி வரைபடங்களை வெளியிட்டது.

இந்தக் கொழுப்பின் கதை பிறப்புக்கு முன்பே தொடங்குகிறது. ஓசூரைப் போலவே ராகி நிலமான மைசூரில், ஹோல்ட்சுவர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறந்த குழந்தைகளின் எடையைப் பதிந்து வைத்திருந்தது. அப்பதிவுகளைக் கொண்டு, அங்கே பிறந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பிற்காலத்து இதயநோயோடும் நீரிழிவோடும் தொடர்பு தேடினார்கள். 1997-98இல் அதே மருத்துவமனையில் கருவுற்ற தாய்மாரையும் அவர்களின் குழந்தைகளையும் ஆண்டுக்கணக்கில் தொடரும் மற்றோர் ஆய்வு தொடங்கியது. இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலும் அதன் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருப்பதை, புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் காட்டினார்கள். பற்றாக்குறைக்குப் பழகிப் பிறந்த உடல் திடீர் மிகுதியைத் தாங்குவதில்லை. பாட்டி ராகிக்கும் அல்லாடினார், தாய் நியாய விலை அரிசியில் வளர்ந்தார், பிள்ளை பேக்கரியில் நிற்கிறது என்னும் மூன்று தலைமுறை ஓட்டத்தில், மாற்றத்தின் வேகமே தனியொரு ஆபத்தாகிறது.

ராகியின் மறுவருகை

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதத்தில் தமிழ்நாடு அரசு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கத் தொடங்கியது. 1965 முதல் 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை ஓசூரும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி விவசாயிகளிடமிருந்து ராகி நேரடியாகக் கொள்முதல் செய்யப்பட்டது. இரண்டு கிலோ என்பது ஒரு குடும்பத்துக்குச் சில நாள் களிக்குத்தான் வரும். ஆனாலும் அரை நூற்றாண்டாக அரிசியை மட்டும் அறிந்திருந்த நியாய விலைக் கடை, ராகியை உணவாக ஏற்றது சிறிய திருப்பமல்ல.

இன்னொரு பக்கம் ராகி வேறு வேடத்தில் வருகிறது. ராகி பிசுகட், ராகி சேமியா, சத்துமாவு, சர்க்கரை சேர்த்த ராகிப் பானம் என்று பளபளப்பான உறைகளில் விற்கிறது. உறையின் முன்பக்கத்தில் ராகிக் கதிர் படம் இருக்கும்; உள்ளே மைதாவும் சர்க்கரையும் முதலிடம் பிடித்திருக்கக்கூடும்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகத்து முதல் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் அரசாணையில், வாரத்தில் இரண்டு நாட்களாவது உள்ளூர்ச் சிறுதானிய உணவு இடம்பெற வேண்டும் என்ற குறிப்பு உள்ளது. காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளை இடைவேளையில் பெட்டிக்கடைக்கு ஓடுகிறது என்பதால், பசிக்கான இத்திட்டம் பருமனுக்கும் ஓரளவு தடுப்பாகக் கூடும். வேனில் வரும் பிள்ளைகளின் தனியார் பள்ளிகள் இத்திட்டத்தில் இல்லை.

கடைகளைக் கட்டுப்படுத்தச் சட்டமும் உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020இல் வெளியிட்ட ஒழுங்குமுறை, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கத் தடை விதிக்கிறது. 51ஆவது மீட்டரில் இருக்கும் கடையைப் பற்றி அதில் சொல்லவில்லை. 2025 மே மாதத்தில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம், பானங்களிலும் தின்பண்டங்களிலும் உள்ள சர்க்கரை அளவைக் காட்டும் பலகைகளைத் தன் பள்ளிகளில் வைக்கச் சொன்னது. மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் அவ்வாரியத்தின் கீழ் வராதவை.

உறையின் முகப்பில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றிய வாதம் வேறு. சிலி நாடு 2016இல் சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த உணவுகளின் மேல் கருப்பு எண்கோண முத்திரைகளைக் கட்டாயமாக்கியது. படிக்கத் தெரியாத பிள்ளையும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். இந்திய ஆணையம் 2022இல் முன்வைத்த வரைவோ உணவுகளுக்கு நட்சத்திரம் கொடுக்கும் முறையைச் சொன்னது. எச்சரிக்கைக்குப் பதில் மதிப்பெண் கொடுப்பதாக மருத்துவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் அதை எதிர்த்தனர். இப்போதைக்கு 5 ரூபாய்ப் பொட்டலத்தின் பின்புறத்தில் சிறு எழுத்தில் உள்ள சத்துப் பட்டியல்தான் பெற்றோருக்கு உள்ள ஒரே தகவல். அதை ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சிட்டால் போதும் என்கிறது சட்டம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் பேசும் கெலவரப்பள்ளிப் பகுதி வீடுகளுக்கும் அப்பொட்டலம் அந்த இரண்டில் ஒரு மொழியோடு வந்து சேரலாம்.